ஏழு நாலு யாரோட கணக்கு?

நரிக்கு வாலு செவப்பா இருந்த காலம்யா அது. இப்ப ஏன் வெளுத்துச்சுன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது.

அந்தக் காலத்துல ஒரு கோரைக்காடு. காட்டுக்கு நடுவுல ஒரு பெரிய வளை. வளைக்குள்ள ஒரு முயல் ராசா. ராசான்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க. முன்வரிசையில தொப்பையோட உக்காந்திருக்காரே, அவரு முட்டி உசரம்தான் இருப்பாரு.

முயலுங்க பொழைப்பே ஒரு கணக்குலதான் நின்னுச்சு. பொழுது சாய குட்டிங்க வரிசை வரிசையா மேயப் போகும். வரிசைக்கு ஒரு நாளு நாலு, ஒரு நாளு அஞ்சு. வாசல் காவக்காரன் மீசையப்பன் எத்தனை வரிசை போகுதுன்னு மட்டும் பாத்துக்குவான். திரும்பும்போது நரி வாடை அடிச்சா வரிசையாவது ஒண்ணாவது, தலை தெறிக்க ஓடி வரும். ஒவ்வொண்ணா எண்ணி உள்ள விடுவான்.

போனதும் வந்ததும் சரியா இருந்தா வாசக் கல்லை உருட்டி மூடிடுவான். கொறைஞ்சா காலால தரையை மூணு தட்டு தட்டுவான். கோரைக்குள்ள எங்க மேஞ்சாலும் அந்தக் குட்டிக்கு அதிரும், ஓடி வந்துரும். ஆனா தட்டுனா நரிக்கும் கேக்கும். அதனால சும்மா சும்மா தட்ட முடியாது.

மீசையப்பனுக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத்தான் வரும். பெருக்க வராது, என்னை மாதிரி ஆளு. அதனால உள்ள வந்த குட்டிங்களைக் கேப்பான். குட்டிங்க பட்டுனு சொல்லணும். அது ராசா உத்தரவு.

அதுக்காக ராசா ஒரு மைனாவை வாத்தியாரம்மாவா வெச்சாரு. பேரு கீச்சாயி.

மொத மாசம் கீச்சாயி வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடுனா. குட்டிங்க தூங்கிருச்சுங்க. ரெண்டாம் மாசம் தப்பு சொன்ன தலையில எல்லாம் கொத்துனா. குட்டிங்க அழுதுச்சுங்க. மூணாம் மாசம் ஒரு விளாங்காயை உருட்டிட்டு வந்தா. குட்டிங்க சிரிச்சுச்சுங்க.

வட்டமா உக்கார வெச்சு காயை உருட்டுவா. ராசா மாதிரி லொக்கு லொக்குன்னு இருமிட்டு, "ஆறு அஞ்சு?"ம்பா. காய் யாருகிட்ட வருதோ அது "முப்பது"ன்னு சொல்லி அடுத்ததுக்குத் தட்டணும். முழிச்சா காய் மூக்குல மோதும். மூக்கு வீங்குன குட்டியைப் பாத்து மத்ததெல்லாம் விழுந்து பொரளும்.

பத்தே நாள்ல குட்டிங்க வாயில பதிலு பொரி மாதிரி பொரிஞ்சுது. ஆனா பாருங்க, ஒவ்வொரு குட்டிக்கும் தெனம் அதே இடம். காயும் தெனம் அதே பக்கமா சுத்தும். கேள்வியும் அதே வரிசை. துள்ளானுக்கு எப்பவும் ஆறு அஞ்சு. பஞ்சிக்கு எப்பவும் மூணு எட்டு. நெத்தியில சுழி இருந்ததால சுழியாள்னு பேரு வாங்குன குட்டிக்கு எப்பவும் ஏழு நாலு. அடுத்தவங்க பதிலு யாரு மண்டையிலயும் ஏறாது.

அவதான் ஒரு நாள் கேட்டா. "வாத்தியாரம்மா, இடம் மாத்தி உக்காரலாமா? எனக்கு என்னுது சலிச்சுப் போச்சு. துள்ளானோடதைக் குடுங்க."

"நாளைக்கு ராசா பாக்க வர்றாருடி. மாத்துனா எல்லாம் தடுமாறும். உன்னுதை ஒழுங்கா சொல்லு."

"சொல்றேன், சொல்றேன். இருபத்தெட்டு. தூங்கும்போதும் இருபத்தெட்டு. புல்லைக் கடிச்சா இருபத்தெட்டு."

எல்லாம் சிரிச்சுச்சுங்க. கீச்சாயியும் சிரிச்சா. மாத்தணும்னு அவளுக்கும் தோணாம இல்ல. ராசா வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டா.

மறுநாள் ராசா வந்தாரு. காய் சுத்துன வேகத்துல அவரு கண்ணும் சுத்தி, ரெண்டு பேரு கைத்தாங்கலா பிடிக்க வேண்டியதாச்சு. "இனி என் குட்டிங்களை நரி தொடாது"ன்னு கீச்சாயி கழுத்துல அருகம்புல்லு மாலை போட்டாரு. பசி போல, ரெண்டு இழை கடிச்சுட்டுத்தான் போட்டாரு.

சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்குங்க. இதுக்கு மேல சிரிக்க ஒண்ணுமில்ல.

அன்னிக்குச் சாயங்காலம் கீச்சாயி ஆத்துக்கு அக்கரையில அடையப் போயிட்டா. மாலை கழுத்துல இருந்துச்சு. இங்க நடந்தது அவளுக்கு விடிஞ்சுதான் தெரிஞ்சுது. நடந்தது இதுதான்.

ஏழு வரிசை மேயப் போச்சு, வரிசைக்கு நாலு. நரி மேட்டுலேர்ந்து எறங்குச்சு. குட்டிங்க விழுந்தடிச்சு ஓடி வந்துச்சுங்க. மீசையப்பன் எண்ணுனான். இருபத்தேழு.

"ஏழு நாலு எவ்வளவு?"

குட்டிங்க ஒண்ணையொண்ணு பாத்துக்கிச்சுங்க.

"அட, ஏழு நாலுடா."

"அது என்னுது இல்ல மாமா"ன்னான் துள்ளான். "என்னுது முப்பது."

"என்னுது இருபத்துநாலு"ன்னா பஞ்சி.

"ஏழு நாலு யாருது?"

"சுழியாளோடது."

"சுழியா, சொல்லும்மா." பதில் இல்ல. "ஏ சுழியா." பதில் இல்ல. இருட்டுல எங்கயாவது மொறைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாள்னு பஞ்சி சொன்னா. மீசையப்பன் தானே கூட்டிப் பாத்தான். நாலும் நாலும் எட்டு. எட்டும் நாலும்… மூணாவது தடவை கூப்பிட்டான். "சுழியா."

அப்பத்தான் எல்லாருக்கும் வெளங்குச்சு, உள்ள வராதது அவதான்னு. தட்டக் காலைத் தூக்குனான். நரி மூஞ்சி வாசல்ல இருந்துச்சு. உள்ள இருபத்தேழு குட்டி. கல்லை உருட்டிட்டான்.

விடிஞ்சு கீச்சாயி வந்தா. மீசையப்பன் சொல்லி முடிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். கல்லோரமா சுழியாளோட அம்மா உக்காந்திருந்தா. கீச்சாயி அவ காலடியில போய் நின்னா, அவ திட்டுவாள்னு. திட்டியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

"நேத்து நான் உள்ள சின்னதுங்களுக்குப் பால் குடுத்துட்டிருந்தேன், வாத்தியாரம்மா. ஏழு நாலுன்னு மீசையப்பன் கேட்டது காதுல விழுந்துச்சு. எனக்குப் படிப்பு இல்ல. தெரிஞ்சிருந்தா அங்கேர்ந்தே கத்தியிருப்பேன்."

கீச்சாயி தலையைத் தூக்கல.

"எனக்கு அதை மட்டும் சொல்லிக் குடுங்க. ஏழு நாலு எவ்வளவு?"

கீச்சாயி வாயைத் தொறந்தா. எண்ணு வெளிய வரல. அந்த அம்மா காத்துக்கிட்டே இருந்தா.

ஆகையினால ஐயா, அம்மா, புள்ளைங்களுக்கு விளையாட்டா கணக்குச் சொல்லிக் குடுத்தாலும், பாக்க வர்றவங்க மெச்சணும்னு ஆளுக்கு ஒரு பதிலோட நிறுத்திடாம, ஒவ்வொரு புள்ளைக்கும் எல்லாக் கணக்கும் வர்ற வரைக்கும் சொல்லிக் குடுக்கணும்.