பதின்மூன்றாம் தேதி முகூர்த்தம்

“எந்தத் தேதியைக் கொடுத்தாலும் என் புரோகிராம் முழுங்கும் மேடம்! இதுவரைக்கும் ஒண்ணைக்கூடத் துப்புனதில்ல. இன்னும் என்ன யோசிக்கிய?”

ஆவுடையப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இருபது வருடம் மருத்துவமனையில் பதிவேடு எழுதிய மனிதர், ஐம்பத்திரண்டு வயதில் புரோகிராம் எழுதக் கற்க வந்தார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அவருடைய முதல் புரோகிராம் வேலைக்குப் போகிறது. தொள்ளாயிரம் டயாலிசிஸ் நோயாளிகளின் சிகிச்சைத் தேதிகளைப் பழைய பதிவிலிருந்து படித்துப் புதுக் கணினிக்கு மாற்ற வேண்டும்.

குரு மெஹருன்னிசா ‘சரி’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். குருவுக்கு வயது இருபத்தொன்பது. அந்த ஒரு சொல்தான் மூன்று நாளாக வரவில்லை.

“பழைய பதிவுல தேதி எப்படி இருக்கு, அண்ணாச்சி?”

“ஒண்ணொண்ணு ஒரு மாதிரி. நம்ம ஆளுங்க நாளை முன்னால எழுதுவாங்க. வெளிநாட்டு மெஷினு மாசத்தை முன்னால அடிக்கும். என் புரோகிராம் தானே கண்டுபிடிச்சுக்கிடும்! முதல்ல வர்றதை மாசம்னு பார்க்கும். ஒத்து வரலன்னா நாள்னு மாத்திக்கிடும். யாரையும் ஒரு கேள்வி கேக்காது!”

மெஹருன்னிசா தலையாட்டினார். மேசைமேல் ஆவுடையப்பன் மகளின் கல்யாணப் பத்திரிகை இருந்தது. காலையில்தான் கொடுத்திருந்தார். அதை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“இதைப் போடுங்க.”

ஆவுடையப்பனுக்கு வாயெல்லாம் பல். தட்டினார்.

வரவேற்பு: 12/06/2026.

முகூர்த்தம்: 13/06/2026.

கண் மூடித் திறப்பதற்குள் திரையில் பதில் வந்தது.

முகூர்த்தம்: ஜூன் 13.

வரவேற்பு: டிசம்பர் 6.

ஆவுடையப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். “கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சா வரவேற்பு! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னைய உரிச்சிருவாங்க!”

குரு சிரிக்கவில்லை.

“பதின்மூணுன்னு ஒரு மாசம் கிடையாது. அதனால முகூர்த்தம் தப்பிச்சிட்டு. பன்னெண்டுக்கு...”

சிரிப்பு பாதியில் நின்றது.

பழைய பதிவில் அவர் கையாலேயே எழுதிய ஒரு வரி ஞாபகம் வந்தது. முத்துப்பேச்சி, 09/06. வாரத்துக்கு மூன்று முறை வந்தாக வேண்டிய அம்மாள்.

“அந்தம்மாவைச் செப்டம்பர்ல வரச் சொல்லிருக்குமே, மேடம்!”

கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று.

“நிறுத்துங்க! இதை வெளிய விடக் கூடாது!” என்று அவரே கத்தினார்.

மெஹருன்னிசா டீ குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆவுடையப்பன் மாடிப்படியில் ஓடி வந்தார். சட்டை நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“மேடம்! புரோகிராமை மாத்தி எழுதிட்டேன்! இப்ப முந்நூத்திப் பதினோரு தேதியை ‘எனக்குத் தெரியல’ன்னு திருப்பி அனுப்பிட்டு! ஆஸ்பத்திரியில நாலஞ்சு பேரா உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேட்டு முடிச்சாச்சு! முத்துப்பேச்சியம்மாகிட்டதான் முதல்ல கேட்டேன். ஜூன் ஒம்பதுதான்!”

“சரி,” என்றார் மெஹருன்னிசா.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

“அண்ணாச்சி, முகூர்த்தம் என்னைக்கு?”

“ரெண்டாயிரத்து இருபத்தாறு, ஜூன் மாசம், பதின்மூணாம் தேதி, காலையில ஆறு மணி மேடம்!”

நாலு படி இறங்கியவர், மூச்சிரைக்க மறுபடியும் ஏறி வந்தார்.

“இந்திய நேரம்!”