பச்சைக் கொடியும் பதினோரு பெண்களும்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் இன்றைக்கே என் நாக்கு அழுகிப் போகட்டும். ஹெலிகாப்டர் கிளப்பிய காற்றில் மேஸ்திரி ஒருவரின் வேட்டி பறந்துபோய் அடுத்த மாவட்டத்தில் விழுந்தது. துவைத்து, மடித்து, தபாலில் திருப்பி அனுப்பினார்கள். அதுவே நிஜம் என்றால் மற்றதை நம்ப உங்களுக்கு என்ன கஷ்டம்?

வால்பாறைப் பக்கம் ஒரு மலையுச்சியில் மின்கோபுரம் கட்டினார்கள். ரோடு கிடையாது. இரும்புச் சட்டங்களைக் கட்டாகக் கட்டி, நீளமான கம்பிவடத்தில் தொங்கவிட்டு ஹெலிகாப்டர்தான் தூக்கிப் போகும். ஓட்டியவர் குடகுக்காரர், கேப்டன் பொன்னப்பா. எஞ்சினுக்குப் பொறுப்பு மெக்கானிக் ஹபிபுல்லா. கீழே நின்று கொக்கி மாட்டிக் கொடி காட்டுவது திருமேனியின் வேலை.

போகிற வழியில் ஒரு தேயிலைச் சரிவு. அதில் ஆள் இருந்தால் சிவப்புக் கொடி, இல்லையென்றால் பச்சை. காரணத்தைப் பொன்னப்பா முதல் நாளே சொல்லியிருந்தார்.

"எஞ்சின் நின்னாலும் பயமில்ல. மேல இருக்கிற இறக்கை தானா சுத்தும், அந்தச் சுத்துலயே பூப்போல எறக்கிடுவேன். தொங்குற பாரத்த மட்டும் அந்த நொடியே கழட்டி விட்டாகணும்."

பாரமில்லாமல் அப்படி இரண்டு முறை இறக்கியும் காட்டினார்.

பன்னிரண்டாம் நாள் காலையிலேயே எஞ்சின் இருமியது. "கழட்டிப் பாத்துடலாம் சார்," என்றார் ஹபிபுல்லா.

"மேகம் எறங்குது பாய். ஒரே நடை. அப்புறம் நீங்க அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காருங்க."

வண்டி பறக்கலாம் என்று பாய் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதே நேரம், கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்க்கும் கங்காணி செவனம்மா திருமேனியிடம் வந்து நின்றாள். "அண்ணே, நாலே வரிசைதான் பாக்கி. நாளைக்குக் கொழுந்து முத்திப் போனா எஸ்டேட் தொரை என்னையத்தான் வைவாரு. பன்னெண்டு நாளா உங்க இரும்பு யார் தலையில விழுந்துச்சு?"

திருமேனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு பெண்கள் சரிவில் நிற்க, பச்சைக் கொடியைத் தூக்கி ஆட்டினார்.

சரிவுக்கு நேர் மேலே எஞ்சின் நின்றது. கீழே பதினோரு முகங்கள் அண்ணாந்து பார்த்தன. பாரம் விழவில்லை. விடுங்க சார், விடுங்க சார் என்று திருமேனியின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. நாலு விநாடி. சரிவைத் தாண்டிப் பள்ளத்தில் பாரம் விழுந்தபோது இறக்கை ஓய்ந்திருந்தது. வண்டி பாறையில் பக்கவாட்டில் சாய்ந்தது. பெண்களுக்கு ஒரு கீறல் இல்லை. பொன்னப்பாவுக்கு இரண்டு காலும் போயிற்று.

மறுநாள் விசாரணை என்ற நிலையில் மூவரும் ஆஸ்பத்திரி அறையில் இருந்தார்கள்.

"இன்னொரு நடை கேட்டவன் நான். தப்பு என்னுது," என்றார் பொன்னப்பா.

"கையெழுத்து என்னுது சார்," என்று பாய் அழுதார்.

திருமேனி வாயைத் திறந்தார். அதற்குள் பொன்னப்பா திரும்பி, "பச்சைதானே காட்டினீங்க, திருமேனி? பொம்பளைங்க அப்புறம்தான் உள்ள வந்திருக்கணும்," என்றார்.

திருமேனி கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சார். அப்புறம்தான் வந்திருக்கணும்," என்றார்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். இந்த மூவரில் அந்தக் கால்களை எடுத்தது யார்?

எஞ்சின் நின்ற பழியைப் பொன்னப்பாவும் பாயும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். ஆனால் நின்ற எஞ்சினோடு பூப்போல இறங்கத் தெரிந்தவர் பொன்னப்பா. அவரை வீழ்த்தியது அந்த நாலு விநாடி. அந்த நாலு விநாடியைக் கொடுத்தது கொடி. விசாரணையில் கொடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. செவனம்மாவும் வேலைக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. லைசென்ஸ் போன பாய் பொள்ளாச்சியில் பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறார். பொன்னப்பா வருஷம் தவறாமல் பொங்கலன்று திருமேனிக்குப் போன் செய்து, "முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.