ஏழாம் கட்டில் ஊசி

ஒரு விடுகதை போடுகிறேன். ஒரு கூடத்தில் முப்பது பேர். எல்லோருக்கும் நல்ல கண், நல்ல காது. ஒரே ஒருவர் உள்ளே வந்தால் மட்டும் முப்பது பேரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள், எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒருவர் யார்?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் வார்டு. அதன் தலைமை மருத்துவர் தணிகைவேல். ஒரு நாள் காலை, மருத்துவக் கல்லூரியில் தனக்குப் பாடம் நடத்திய ரஷீதா மேடத்தை அவசரமாக வரவழைத்தார்.

“மேடம், இங்கே யாரோ பொய் சொல்றாங்க. யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க.”

“என்ன நடந்தது?”

“ஆறாம் கட்டில். எட்டு வயசுப் பொண்ணு, நுரையீரல் காய்ச்சல். காலை ஊசிக்கு அப்புறம் உடம்பெல்லாம் தடிப்பு. பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஊசி. தடிப்பு அந்த மருந்தால வந்திருந்தா, திரும்பப் போட்டா மூச்சு அடைச்சிடும். போடாம விட்டா காய்ச்சல் முத்திடும். வேற ஏதாவது நடந்ததான்னு ஒவ்வொருத்தரையா என் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘தெரியாது சார்.’ எல்லாரும் அதேதான். பேசி வச்ச மாதிரி.”

மேடம் மேசை மேல் இருந்த நோட்டைப் புரட்டினார். வார்டில் நடக்கும் தவறுகளை எழுதி வைக்கும் நோட்டு அது. எட்டு மாதமாக அதில் ஒரு வரி இல்லை.

“கடைசியா எழுதினது யாரு?”

“ஒரு சிஸ்டர். மருந்து அரை மணி லேட்டுன்னு எழுதியிருந்தாங்க. எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டேன். அன்னைக்கே வேற வார்டுக்கு மாத்திட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இங்கே தப்பே நடக்கல.”

மேடம் சிரித்துவிட்டார். தணிகைவேலுக்கு அந்தச் சிரிப்பின் மேலும் சந்தேகம் வந்தது.

இருவரும் வார்டுக்குள் நுழைந்தார்கள். சிஸ்டர் கிரேஸ் ஊசித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துப்புரவுப் பணியாளர் பேச்சியம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நிமிரவில்லை.

“பாத்தீங்களா மேடம்? என் கண்ணைப் பார்க்கவே ஒருத்தருக்கும் தைரியம் இல்ல.”

“நீ வெளியே போ, தணிகை.”

“நானா?”

“கதவையும் சாத்திட்டுப் போ.”

கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் உள்ளே பேச்சு கிளம்பியது. ஒரு குழந்தை சிரித்தது. தணிகைவேல் கதவில் காதை வைத்தார். ஒன்றும் புரியவில்லை. அந்த வார்டில் அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு மேடம் வெளியே வந்தார்.

“ஏழாம் கட்டிலுக்கு மேலேதான் ஃபேன் நல்லா ஓடுதாம். காலையில இவளும் ஏழாம் கட்டில் பையனும் ஒப்பந்தம் போட்டு இடம் மாத்திப் படுத்திருக்காங்க. ஏழாம் கட்டில் ஊசி இவளுக்குப் போயிடுச்சு. இவளோட மருந்து இன்னைக்கு இவளுக்குப் போகவே இல்ல. தடிப்பு அந்த ஊசியாலதான். அந்தப் பையனையும் பார்த்துட்டேன், நல்லா இருக்கான்.”

“பேரைக் கேக்காமலா ஊசி போட்டாங்க?”

“பேர் சொல்லிக் கூப்பிட்டா நேரமாகுது, நம்பர் போதும்னு உத்தரவு போட்டது யாரு?”

தணிகைவேல் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இதை உங்ககிட்ட சொன்னது யாரு?”

“தெரியாது சார்,” என்றார் மேடம்.

பன்னிரண்டு மணிக்குத் தணிகைவேலே ஊசியை எடுத்துக்கொண்டு ஆறாம் கட்டிலுக்குப் போனார்.

“உன் பேர் என்னம்மா?”

“இசக்கி.”

ஊசி போட்டார். பக்கத்திலேயே நின்றார். அரை மணி ஆயிற்று. புதிதாகத் தடிப்பு இல்லை. மூச்சு சீராக இருந்தது.

“இசக்கி, இனிமே இப்படி ஏதாவது ஆனா என்கிட்ட சொல்லுவியா?”

“சொன்னா கிரேஸ் அக்காவ ஏசுவீயளா?”

“ஏச மாட்டேன்.”

“நெசமாவா?”

“நெசமா.”

இசக்கி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “இங்கே நாலு பேர் இருக்கோம். பெரிய டாக்டர், நான், கிரேஸ் அக்கா, பேச்சியம்மா. யார்கிட்ட சொல்லுவேன்னு நீயே கை காட்டு பார்ப்போம்.”

இசக்கி பேச்சியம்மாளைக் காட்டினாள்.