நாலு எண்ணிப் பாடவும்

மாசிலாமணி அண்ணாச்சிக்கு வயது அறுபத்திரண்டு. அவருக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஹெப்சிபா டீச்சருக்கு முப்பத்தாறு. குருவைவிடச் சீடருக்கு வயது கூட. வாங்குகிற திட்டும் கூட.

அண்ணாச்சிக்குப் பலசரக்குக் கடை. கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாட ஆள் இல்லாமல் தவித்த டீச்சர், ஒருநாள் சீரகம் வாங்க வந்தார். அண்ணாச்சி விலை சொன்ன குரலைக் கேட்டு அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டார். சீரகத்தைக் கொடுத்து வினையை வாங்கிக்கொண்டேன் என்று அண்ணாச்சி இன்றும் புலம்புவார்.

கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கையில் விடியற்காலையில் குளம் உடைந்தது. கட்டிய துணியோடு நாற்பது பேர் கோயில் மண்டபத்து மொட்டைமாடியில் ஏறிவிட்டார்கள். பண்டிகைக்கென்று அண்ணாச்சி வாங்கிப் போட்ட மாவும் வெல்லமும் கடையோடு முங்கிப் போயின. போகட்டும், உயிர் மிஞ்சுமா என்பதுதான் இப்போது அவர் பயம். அவருக்கு நீச்சல் தெரியாது.

மாடிக்கு இருபது படி. மத்தியானத்துக்குள் பத்து படி தண்ணீருக்குள் போய்விட்டது.

அப்போது, வெள்ளத்திலும் விடாமல் எடுத்துவந்த பாட்டு நோட்டை இடுக்கிக்கொண்டு டீச்சர் கைதட்டினார்.

"பாடகர் குழு எல்லாரும் இங்க வாங்க. பிராக்டிஸ்."

அண்ணாச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டீச்சர், உங்களுக்கே இது நல்லாருக்கா? ஜெபம் பண்ணுத நேரம்லா இது?"

"விடிஞ்சதுலேருந்து ஜெபந்தான அண்ணாச்சி பண்ணுதோம். ஆண்டவருக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?"

புதுப் பாட்டு. பெண்கள் முதலில் எடுப்பார்கள். அண்ணாச்சி மனசுக்குள் நாலு எண்ணிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. மூன்று வாரமாக அது ஒருநாளும் நடந்ததில்லை.

பெண்கள் எடுத்தார்கள். அண்ணாச்சி எண்ணினார். எண்ணிக்கொண்டே இருந்தார். பாட்டு சரணத்துக்கே போய்விட்டது.

"அண்ணாச்சி! எத்தன எண்ணுனீங்க?"

"பதினொண்ணு."

"நாலு எண்ணச் சொன்னா பதினொண்ணா?"

"படிய எண்ணிட்டேன் டீச்சர். பதினொண்ணாவதும் முங்கிட்டு."

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. டீச்சர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். தேற்றப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டீச்சரோ அவரைப் படியில் இறக்கிக் கூட்டிப்போய், பதிமூன்றாவதில் உட்காரவைத்து, பன்னிரண்டாவதில் காலை வைக்கச் சொன்னார்.

"கண்ண மூடிக்கிடுங்க. படிய இனி கால் பாத்துக்கிடும். நீங்க தாளத்த எண்ணுங்க."

"கால் நனைஞ்சா?"

"ஒரு படி மேல ஏறி உக்காந்து பாடுங்க."

இதென்ன கொடுமை என்று அண்ணாச்சி கண்ணை மூடினார். முதல் தடவை மூன்றிலேயே நுழைந்து ஏச்சு வாங்கினார். அடுத்த தடவை ஆறில் நுழைந்தார். அதற்கும் ஏச்சு. மூன்றாவது தடவை பாதியில் காலில் ஜில்லென்று பட்டது.

"ஆண்டவரேஏஏ!" என்று அலறிக்கொண்டு மேல்படிக்குத் தாவினார்.

அலறல் சரியாக நாலாவது தாளத்தில் விழுந்தது. சுருதியும் இம்மி பிசகவில்லை.

"இதத்தான மூணு வாரமா கேக்கேன்!" என்றார் டீச்சர்.

மாடியே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்துவிட்டார், வெட்கம் கெட்டுப்போய். சிரிப்பு அடங்கியதும் பயம் மறுபடி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"தண்ணி வடியாட்டா?"

டீச்சர் அவரையும் தண்ணீரையும் ஒருமுறை பார்த்தார். அவர் பாட்டு நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருப்பதை அண்ணாச்சி அப்போதுதான் கவனித்தார். தொடங்கியதிலிருந்தே அப்படித்தான் பிடித்திருந்திருப்பார்.

"வடியாட்டா நீங்க எப்படிப் பாடுனீங்கன்னு கேக்க ஆளே இருக்காது. அதுல எனக்குக் கவலையில்ல," என்றார் டீச்சர். "வடிஞ்சிட்டா? அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க அண்ணாச்சி. ஆறே நாள்ல கிறிஸ்துமஸ். இந்த லட்சணத்துல பாடுனா மாட்டுத்தொழுவத்து முன்னணையில கெடக்க பிள்ள வீல்னு அழுதுரும். ம், கண்ண மூடுங்க. நாலு எண்ணுங்க."