கிணற்றடியில் ஏழாம் பாட்டு

ஆறு ஒன்று இருந்ததாம். ஆற்றங்கரையில் மடம் ஒன்று இருந்ததாம். மடம் என்று இருந்தால் அதில் ஒரு சட்டம் இல்லாமல் போகுமா?

பாடம் நடக்கும்போது எழுந்து வாசல்படியைத் தாண்டியவர், அது முடியும்வரை திரும்ப உள்ளே வரக்கூடாது. அதுதான் சட்டம். என்றோ இருந்த குரு போட்டது. அவர் காலத்துச் சீடர்கள் நடுவில் நழுவிப் போய் ஆற்றில் குளித்துவிட்டு வருவார்களாம்.

இப்போதைய குரு சிவக்கொழுந்து. வயது முப்பத்தைந்துதான். சீடர்களில் பாதிப் பேர் அவருக்கு மூத்தவர்கள். தில்லைநாயகத்துக்கு நாற்பத்தேழு. முன்பு சந்தை சந்தையாகப் போய்த் துணி விற்றவர்.

தில்லைநாயகத்துக்கு வயிறு சரியில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சரியில்லை. திடீரென்று முறுக்கும். முறுக்கினால் அந்த நிமிஷமே போயாக வேண்டும். சில நாள் ஒரு தடவை, சில நாள் ஆறு தடவை. சில வாரம் கல்லாகக் கட்டிக்கொள்ளும்.

ஒரு பாடத்துக்கு ஏழு பாட்டு. அவர் நாலாம் பாட்டைத் தாண்டியதே இல்லை. மீதி நேரம் கொல்லைப்புறத்தில், கிணற்றடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே பாடுவது தெரியும். வார்த்தை பிடிபடாது.

"தில்லைநாயகம் எந்திரிச்சாச்சு. அப்ப நாலு முடிஞ்சுது" என்பார் மூத்த சீடர் சடையப்பர். எல்லோரும் சிரிப்பார்கள். தில்லைநாயகமும் சிரித்துக்கொண்டேதான் போவார்.

ஒரு நாள் காலை. பாடம் தொடங்கப் போகிற நேரம். அவர் துணி மூட்டையோடு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"ஊருக்குப் போறேன் சாமி."

"என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. திரும்பி வரமாட்டேன்."

குரு விரித்த பாயின் ஓரத்தை நீவிவிட்டார்.

"வலி அதிகமா?"

"வலியைப் பொறுத்துக்கிடலாம் சாமி. கண்ணு முழிச்சதும் மத்தவங்க சாமி பேரைச் சொல்லுதாங்க. நான் வயித்தைத் தொட்டு, இன்னைக்கு எப்படின்னு கேக்கேன். தங்கச்சி மக கழுத்துல தாலி ஏறுற நேரம் நான் கொல்லையில இருந்தேன். மேளச் சத்தம்தான் கேட்டுது. இங்கயும் அதே கொல்லைதான்."

"வைத்தியர் என்ன சொன்னாரு?"

"மூணு பேர் பாத்தாச்சு. புண்ணு இல்ல, கட்டி இல்ல, உயிருக்கு ஒண்ணுமில்லன்னாங்க. ஆனா நோவு போயிரும்னு ஒருத்தரும் சொல்லல. ஒண்ணுமில்லாததுக்கா இந்தப் பாடுன்னு வீட்டுல கேக்காங்க."

"நேத்து என்ன சாப்பிட்டீரு?"

"பாடத்துக்கு முந்தின நாளே நிறுத்திருவேன். உள்ள ஒண்ணும் இல்லன்னா எந்திரிக்க வேண்டாம் பாருங்க."

"எந்திரிக்காம இருந்தீரா?"



"இல்ல. வெறும் வயிறு இன்னும் மோசமா முறுக்குது."

குரு பாயைச் சுருட்டினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவடியை எடுத்துக்கொண்டு, கொல்லைக் கதவு வழியாக வெளியே போனார். கிணற்றுக்கும் வாழைகளுக்கும் நடுவில் பாயை விரித்து உட்கார்ந்தார்.

"இன்னைக்குப் பாடம் இங்க. கேட்டுட்டுப் போம்."

சீடர்கள் ஒவ்வொருவராக வந்து இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். சடையப்பர் வேட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார். "ஒரே எறும்பா இருக்கு சாமி."

"அதுகளும் கேக்கட்டும்."

"மழை வந்தா?"

"எந்திரிச்சு ஓரமா நிப்போம். விட்டதும் வந்து உக்காருவோம்."

இரண்டாம் பாட்டு முடியும்போது தில்லைநாயகத்துக்கு முறுக்கியது. பல்லைக் கடித்துப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. எழுந்து, வாழைகளுக்கு அப்பால் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கால் கழுவிக்கொண்டு அவர் கிணற்றடிக்கு வந்தபோது ஆறாம் பாட்டு தொடங்கியிருந்தது. வழக்கமாக உட்காரும் கல்லில் போய் உட்காரப் பார்த்தார். பாய் அங்கிருந்து நாலு எட்டுதான். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

குரு பாட்டை நிறுத்தாமல், காலியாகக் கிடந்த இடத்தைக் கையால் காட்டினார். தில்லைநாயகம் வந்து உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்ததும் சடையப்பர் தொண்டையைச் செருமினார். "சாமி, சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"இருக்கு. இவர் எந்த வாசல்படியைத் தாண்டினாரு? காட்டும்."

சடையப்பர் சுற்றிப் பார்த்தார். கிணறு இருந்தது. வாழை இருந்தது.

"இதுக்கு அந்தச் சட்டத்தையே எடுத்திரலாமே சாமி."

"அது பெரியவர் போட்டது, என் கையில இல்ல. பாய் என் கையில இருக்கு."

யாரோ சிரித்தார்கள். சடையப்பரும் சிரித்துவிட்டார். "நல்லா நகந்து உக்காரும் வே" என்று தில்லைநாயகத்துக்கு இடம் விட்டார். "எறும்பு என்னை மட்டும்தான் கடிக்கணுமா?"

குரு ஏழாம் பாட்டைச் சொன்னார். நாலே வரி.

"இவ்வளவுதானா?" தில்லைநாயகம் வாய்விட்டே கேட்டுவிட்டார். உள்ளே நடக்கும் அந்தக் கடைசிப் பாட்டை எத்தனையோ பெரிதாக நினைத்து வைத்திருந்தார்.

"இவ்வளவுதான்."

பாடம் முடிந்து சீடர்கள் கலைந்தார்கள். குரு சுவடியைக் கட்டினார். தில்லைநாயகம் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சாமி, இது எப்பவாவது குணமாகுமா?"

"தெரியல."

குரு எழுந்தார். பாயை எடுக்கவில்லை.

"நடுவுல உமக்கு மூணு பாட்டு விட்டுப்போச்சு. சாப்பிட்டுட்டு வாரும், சொல்லுதேன்."

அவர் உள்ளே போய்விட்டார். தில்லைநாயகம் எழுந்தார். பிறகு மூட்டையைப் பாயின் மேல் வைத்துவிட்டு, அடுக்களைப் பக்கம் நடந்து போனார்.