உதட்டில் ரவை

மடத்தில் சேருவதற்கு முன் அரியமுத்து கறிக்கடை வைத்திருந்தவர். குரு ஞானதேசிகர் அவரைவிடப் பத்து வயது இளையவர். காலைப் பூசையில் அரியமுத்து சங்கு ஊதுவார், பிறகு அதே சங்கை வாங்கிக் குருவும் ஒரு முறை ஊதுவார். அந்த மடத்து வழக்கம் அது.

சில நாளாகச் சங்கு ஒலிக்கவில்லை. அரியமுத்து வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நடந்தார். பந்தியில் உட்காராமல் தனியாகச் சாப்பிட்டார்.

அன்று நடராசருக்குக் காட்ட எடுத்த கண்ணாடியில் விரல் தடங்கள் இருந்தன. மடத்தில் வேறு கண்ணாடி கிடையாது. குரு அதைத் துடைத்துக் காட்டிப் பூசையை முடித்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் அரியமுத்து பையோடு நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு, சாமி. எனக்கு என்னமோ வந்திருக்கு. சங்கு வழியா உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"துண்டை எடுங்க."

அரியமுத்து துண்டை எடுத்தார். உதடு வீங்கி, அங்கங்கே புண்ணாகியிருந்தது. புண் இல்லாத இடத்தில், தோலுக்கடியில் ரவை தூவியதுபோல் மங்கிய மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன.

"புண்ணு எப்படி வந்தது?"

"பூசைக் கண்ணாடிய வெச்சுக்கிட்டு ஊசியால குத்தி எடுக்கப் பார்த்தேன். உப்பு வெச்சுத் தேய்ச்சேன். போகமாட்டேங்குது. கறி வெட்டின பாவம், சாமி. வேற இடமே கிடைக்காத மாதிரி, சங்கு ஊதுற உதட்டுல வந்து உக்காந்திருக்கு."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

குரு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி, தன் மேலுதட்டை விரலால் புரட்டிக் காட்டினார். அங்கேயும் ரவை. அரியமுத்துவுக்கு இருந்ததைவிடத் தாராளமாகவே இருந்தது.

அரியமுத்துவின் முகம் வெளுத்தது.

"ஐயோ சாமி. அதுக்குள்ள ஒட்டிடுச்சா?"

"எனக்கு மீசை முளைச்ச காலத்துலேருந்து இருக்கு. நீங்க அப்ப உங்க ஊர்ல ஆடு வெட்டிக்கிட்டு இருந்தீங்க." குரு சிரித்தார். "மயிர்க்கால்ல இருக்க வேண்டிய எண்ணெய்ப் பை, முடியில்லாத உதட்டுல வந்து தங்கியிருக்கு. நிறையப் பேருக்கு உண்டு. நோயும் இல்ல, ஒட்டவும் ஒட்டாது."

"உங்களுக்கு வலிச்சதே இல்லையா?"

"நான் குத்தினதில்ல."

அரியமுத்து அப்போதும் பையைக் கீழே வைக்கவில்லை. பயம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"இருந்தாலும் இடம் மாறி வந்ததுதானே, சாமி? எடுத்துட்டா நல்லதில்லையா?"

குரு அந்தப் பையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நீங்களும் கறிக்கடையிலேருந்து இடம் மாறி வந்தவர்தான். இங்க யாராவது ஊசி எடுத்தோமா?"