பால் சிந்திய தெரு

முன்னொரு காலத்தில், எந்த வரைபடக்காரரும் மறந்துகூட வரையாத ஒரு நாட்டில், மூன்று மாதமாக ஓயாமல் கூட்டம் போட்ட ஒரு நகரசபை இருந்தது. அதில் ஒன்பது உறுப்பினர்கள். ஒன்பது பேரும் குடியிருந்தது மாடவீதியில். அந்த ஆண்டு ஏதாவது ஒரு தெருவைச் சீராக்க அரசர் நூறு வண்டிக் கல்லும், வேலைக்கு ஆட்களும் தருவதாக அறிவித்திருந்தார். எந்தத் தெருவுக்கு என்று சபை சொல்ல வேண்டும். 'மாடவீதிக்கு' என்று சொல்ல ஒன்பது பேருக்கும் ஆசை. முதலில் சொல்ல ஒன்பது பேருக்கும் கூச்சம். மூன்று மாதம் அப்படித்தான் போயிற்று.

ஒருநாள் சுண்ணாம்புக்காரத் தெருவிலிருந்து காத்தாயி என்பவள் சபை முன் வந்து நின்றாள்.

"சாமி, எங்க தெரு பூரா பள்ளம். மழை பெஞ்சா தண்ணி நேரா வீட்டுக்குள்ள வருது. உள்ள சுட்ட சுண்ணாம்பு குவிச்சுக் கிடக்கு. அதுல தண்ணி பட்டா கொதிச்சு, கூரையில தீப்பிடிச்சுக்குது. போன ஐப்பசியில ரெண்டு வீடு போச்சு. இந்த ஐப்பசிக்கு இருபது நாள்தான் இருக்கு."

"தண்ணீர் பட்டுத் தீப்பிடிக்கிறதா? விந்தையாக இருக்கிறதே," என்றார் சபைத் தலைவர் இடங்கழியார். "குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஆராய்வோம்."

இதை அரண்மனை விகடன் சேந்தன் அரசரிடம் அப்படியே நடித்துக் காட்டினான். அரசருக்குச் சபைமேல் சலிப்பு வந்துவிட்டது. சலிப்பு வந்தால் அவருக்கு ஒரு யோசனையும் கூடவே வரும்.

"நானே எல்லாத் தெருக்களிலும் பல்லக்கில் போகிறேன். மடியில் விளிம்புவரை பால் நிறைத்த கிண்ணம் இருக்கும். எங்கே பால் சிந்துகிறதோ அதுவே மோசமான தெரு. கல் அதற்கே."

இப்படி ஓர் அறிவை எங்கும் கண்டதில்லை என்று அவை பாராட்டியது.

மறுநாள் பல்லக்குப் புறப்பட்டது. சுண்ணாம்புக்காரத் தெருவில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. காத்தாயி வாசலில் நின்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடவீதியிலோ, இடங்கழியார் வரவேற்புக்காகப் பன்னீர் தெளித்து மல்லிகை இதழ்களை முழங்கால் உயரம் பரப்பியிருந்தார். பல்லக்கை முன்னால் சுமந்தவருக்குக் கால் வழுக்கியது. பாதிப் பால் அரசரின் பட்டாடையில் இறங்கியது.

"எங்கள் வீதியின் அவலத்தை இனி எப்படி மறைப்பேன், பிரபு?" என்று இடங்கழியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பால் சிந்தியது பூவால், அரசே," என்றான் சேந்தன்.

"சொன்ன சொல் சொன்னதுதான். கல் மாடவீதிக்கே," என்றார் அரசர், ஆடையைப் பிழிந்துகொண்டே.

சேந்தனை ஒழிக்க இடங்கழியார் நெடுநாளாக வழி பார்த்துக்கொண்டிருந்தார். "வேலையைச் சேந்தனாரே மேற்பார்க்கட்டும், பிரபு. அவருக்குச் சுண்ணாம்புக்காரர்கள்மேல் அன்பு அதிகம். ஆகவே ஒரு நிபந்தனை. தாங்கள் தரும் நூறு வண்டிக் கல்லும் மாடவீதிப் பள்ளங்களில்தான் விழ வேண்டும். அதில் ஒரு கல் வேறு தெருவுக்குப் போனாலும், ஒரு கல் மிஞ்சினாலும், அவர் தலை போக வேண்டும்."

அரசர் தலையசைத்தார். "பத்து நாளில் முடியட்டும்."

"அப்படியே, அரசே," என்று சேந்தன் வணங்கினான்.

வெளியே காத்தாயி காத்திருந்தாள். "என்னங்கய்யா, அவுங்களுக்கே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க?"

"ஆமா தாயி. நாளைக்குக் காலையில உங்க தெரு வண்டி அத்தனையும் மாடவீதிக்கு வரட்டும். வெறும் வண்டியா வரணும்."

மறுநாள் காலை கடப்பாரைச் சத்தம் கேட்டு இடங்கழியார் வெளியே வந்தார். வாசற்படிக்கு அடுத்து, நேற்றுவரை கருங்கல் தளம் இருந்த இடத்தில், ஆள் இறங்கும் குழி இருந்தது.

"என்ன காரியம் செய்கிறீர்?"

"விடியலிலிருந்து தேடுகிறேன், ஐயா. மாடவீதியில் பெயருக்குக்கூட ஒரு பள்ளம் இல்லை. பள்ளம் இல்லாமல் அரசர் கல்லை எங்கே போடுவேன்? என் தலை அல்லவா போகும்? அதனால்தான் தோண்டுகிறேன்."

"அதற்கு என் வாசல்தானா கிடைத்தது?"

"சபைத் தலைவர் வாசலை விட்டுவிட்டு வேறு வாசலில் தொடங்கினால் மரியாதையாக இருக்குமா?"

நூறு வண்டிக் கல் கொள்ளும்வரை தோண்ட வேண்டியிருந்தது. நான்காம் நாள் வீதியில் எந்தப் பல்லக்கும் நகர முடியவில்லை. ஒன்பது பேரும் முழங்கால்வரை மண்ணோடு நடந்தே அரண்மனைக்குப் போய் முறையிட்டார்கள். அரசர் பல்லக்கில் வீதி முனைவரை வந்து பார்த்தார்.

"இங்கே பதித்திருந்த பழைய கருங்கல் எங்கே?"

"அது தோண்டியதில் வந்த குப்பை, அரசே. வாசலில் குவித்தால் பெரியவர்கள் மனம் நோகும். ஊரில் பள்ளமாக ஓர் இடம் இருந்தது, அங்கே கொட்டிச் சமன் செய்துவிட்டோம். தாங்கள் தந்த கல்லில் ஒன்றும் இந்த வீதியைத் தாண்டவில்லை."

"பள்ளமான இடமா? எது?"

"சுண்ணாம்புக்காரத் தெரு."

அரசருக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. பல்லக்குச் சுமப்பவர்களின் தலைவரான மாடக்கோனைப் பார்த்தார். "அவ்வளவு பள்ளம் என்றால் அங்கே பால் ஏன் சிந்தவில்லை?"

"பள்ளம்னு தெரிஞ்சா முழங்காலை மடக்கி, மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் போவோம் சாமி. அதுதானே எங்க தொழிலு. நல்ல தெருன்னாதான் அசந்துருவோம். அன்னைக்குப் பூ வேற."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். இறங்கி நின்று, பல்லக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் இருந்த சரிகைச் சால்வையை எடுத்துச் சேந்தனுக்குப் போர்த்தினார். அப்புறம் ஒன்பது பேரிடமும் கேட்டார்: "அடுத்த ஆண்டும் கல் தரப்போகிறேன். எந்தத் தெருவுக்குத் தரலாம்?"

"மாடவீதி தவிர எதற்கு வேண்டுமானாலும், பிரபு," என்றது சபை, ஒரே குரலில்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் மழை கொட்டியது. சுண்ணாம்புக்காரத் தெருவில் தண்ணீர் கருங்கல்லின்மேல் விறுவிறுவென்று ஓடி, ஒரு வாசலிலும் ஏறாமல், ஆற்றுப் பக்கம் திரும்பிப் போயிற்று. காத்தாயி கதவைத் திறந்துபோட்டுவிட்டு, உலர்ந்து கிடந்த சுண்ணாம்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பியிலிருந்து ஒரு கிள்ளு சுண்ணாம்பு எடுத்து வெற்றிலையில் தடவிக்கொண்டாள்.